நூறு வீதம் என்று குமிழி சொன்னது

நான் முதன்முதல் செய்த சோடியம் போரோஐதரைட்டில் சோடியம் போரோஐதரைட்டே இருக்கவில்லை. அது தெரியாமல் மூன்று கிழமையாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பெரியகல்லாற்றில் இருக்கும் மாமா வரைக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

2022ஆம் ஆண்டு. மண்ணெண்ணெய் இல்லை, பெற்றோல் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் கட். மாமாவின் வள்ளம் கரையில் கவிழ்த்தபடி கிடந்தது. அந்த நேரத்தில்தான் எனக்கு இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேட வேண்டி வந்தது. எரிபொருள் என்ற சொல் காதில் விழாமல் ஒரு நாள் போகாத காலம் என்பதால் ஐதரசன் சேமிப்பைத் தெரிவு செய்தேன். மட்டக்களப்பிலேயே கிடைக்கும் பொருட்களை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்ப்போம் என்றார் எங்கள் சேர்.

சோடியம் போரோஐதரைட்டு ஒரு வெள்ளைத் தூள். அதன் எடையில் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் கொஞ்சம் மேல் ஐதரசன். தண்ணீரோடு சேர்ந்தால் தூளின் ஐதரசன் மட்டுமல்ல, அதே அளவுக்குத் தண்ணீரின் ஐதரசனும் வெளியே வரும். ஆக ஒரு கிராம் தூளுக்கு எங்கள் ஊர் வெயிலில் இரண்டரை லீற்றருக்கும் மேல் வாயு. கொபால்ற்று உப்புக் கொஞ்சம் ஊக்கியாகப் போட்டால் சீறிக்கொண்டு வரும், எரிசோடா போட்டுக் காரமாக்கினால் அடங்கிக் கிடக்கும். உயர் அழுத்தச் சிலிண்டர் தேவையில்லை, போத்தலில் ஊற்றி வைக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2001இல் கிறைஸ்லர் நிறுவனம் இதில் ஓடும் நேட்ரியம் என்ற மாதிரி வாகனம் ஒன்றையே செய்து காட்டியது.

வாயு வந்து முடிந்த பிறகு மிஞ்சுவது சோடியம் மெட்டாபோரேற்று. செத்த தூள். அதைத் திரும்ப உயிர்ப்பிக்கிற வழிதான் என் ஆய்வு.

உலகத்தில் பெரும்பாலும் சோடியம் போரோஐதரைட்டைச் செய்வது சிலெசிங்கர், பிரவுண் என்ற இரசாயனவியலாளர் இருவரும் சிக்காகோவில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கண்ட முறையில். அவர்கள் தேடியது ஆவியாகக்கூடிய யுரேனியச் சேர்வை ஒன்றை. கையில் கிடைத்தது இது. இராணுவத்துக்குக் களத்திலேயே ஐதரசன் உண்டாக்க உதவும் என்று தெரிந்த பிறகு விசயம் போர் முடிந்தும் பல காலம் மூடியே இருந்தது, கட்டுரைகள் 1953இல்தான் வெளிவந்தன. பிரவுணுக்கு 1979இல் நோபல் பரிசு. அவருடைய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் மூன்றும் ஐதரசன், காபன், போரன் ஆகியவற்றின் குறியீடுகள். அதைச் சொல்லி அவரே சிரிப்பாராம். அந்த முறைக்குச் சோடியம் ஐதரைட்டு வேண்டும், மும்மெதயில் போரேற்று வேண்டும், கனிய எண்ணெய்க்குள் 250 பாகை வரை சூடாக்க வேண்டும். சோடியம் ஐதரைட்டு ஈரக்காற்றிலேயே தீப்பிடிக்கக்கூடியது. மார்கழி மழையில் வாவிக்கரையில் இருக்கும், கையுறைப் பெட்டி (காற்றுப் படாமல் கையுறை வழியாக வேலை செய்யும் மூடிய பெட்டி) இல்லாத ஓர் ஆய்வுகூடத்தில் அதை நினைத்தும் பார்க்கக்கூடாது. சேர் ஒரே சொல்லில் அடித்துவிட்டார்: "வேணாம்."

எங்களுக்குத் தோதாகத் தெரிந்தது அரைக்கிற முறை. மெட்டாபோரேற்றை அதன் பளிங்கு நீரோடேயே (பளிங்குக்குள் பிடிபட்டிருக்கும் தண்ணீர்) எடுத்து, மக்னீசியத் தூளோடு சேர்த்து, இரும்புக் குண்டுகள் போட்ட சாடிக்குள் அரைப்பது. ஒரு மூல் இருநீரேற்று மெட்டாபோரேற்றுக்கு, அதாவது இரண்டு நீர் மூலக்கூறுகளைப் பிடித்திருப்பதற்கு, நாலு மூல் மக்னீசியம் (மூல் என்பது அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணும் அலகு). ஒட்சிசன் முழுவதையும் மக்னீசியம் எடுத்துக்கொள்ளும், பளிங்கு நீரில் இருந்த ஐதரசன் போரனிடம் போய்ச் சேரும். ஒரு பக்கம் சோடியம் போரோஐதரைட்டு, மற்றப் பக்கம் மக்னீசியம் ஒட்சைட்டு. வெளியிலிருந்து ஐதரசன் வாயு தேவையில்லை. தாளில் எழுதிப் பார்த்தால் ஒரு அணுகூட மிச்சமில்லாமல் சமப்படும். அந்த அழகில்தான் நான் விழுந்தேன்.

மெட்டாபோரேற்றை வாங்கப் போனால் காசும் காலமும் போகும். ஆனால் வெண்காரம் (போரன் உள்ள போரக்சு உப்பு) எந்த நகைப் பத்தரிடமும் இருக்கும், பொன்னை ஒட்டவைக்கப் பாவிப்பது. எங்கள் கடைத்தெருப் பத்தர் ஒருவர் மூன்று கிலோ தந்துவிட்டு, "இவ்வளவுக்கும் எத்தினை பவுண் உருக்கப் போறீங்க?" என்று கேட்டார். 381 கிராம் வெண்காரத்துக்கு 80 கிராம் எரிசோடா. சுடுநீரில் கரைத்து ஆறவிட்டால் மெட்டாபோரேற்றுப் பளிங்காகும். (கரம் விளையாடப் போர்டில் தூவும் போரிக் பவுடரிலிருந்தும் செய்யலாம், எரிசோடா கூடத் தேவைப்படும்.)

அரைக்கும் இயந்திரம் பழைய வொஷிங் மெசின் மோட்டரில் செய்தது. லேத் பட்டறையில் துருப்பிடிக்காத இரும்புக் குழாய் ஒன்றை வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, ட்ரக்டர் பெயாரிங்கில் கழற்றிய குண்டுகளை உள்ளே போட்டோம். ஆர்கன் வாயு வெல்டிங் கடையிலிருந்து. எங்களைப்போல ஆய்வுகூடம் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன், ஆர்கன் வெல்டிங் செய்யும் கடைக்காரரைச் சிநேகம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தடித்த பொலித்தீன் பையில் இரண்டு கையுறையை ஒட்டி, ஆர்கனை நிரப்பினால் ஏழையின் கையுறைப் பெட்டி தயார். பன்னிரண்டு மணித்தியாலம் அரைத்தோம். கரண்ட் போன நேரமெல்லாம் ஓய்வு என்று கணக்கு.

பிறகு சோதனை. அரைத்த தூளில் அரைக் கிராம் எடுத்து ஐதான அமிலத்தில் போட்டு, வரும் வாயுவைத் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த அளவுசாடியில் பிடித்தேன். 30 பாகையில் நீராவிக்காக நூற்றுக்கு நாலு கழிக்க வேண்டும், அதையும் மறக்காமல் கழித்தேன். வினை முழுதாக நடந்திருந்தால் 250 மில்லிலீற்றர் வர வேண்டும். வந்தது 240. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு!

அன்றைக்கு நாங்கள் முழு ஆய்வுகூடத்துக்கும் பிளேன்ரீயும் மிக்சரும் வாங்கிக் கொடுத்தோம்.

மூன்று கிழமை கழித்து, எழுதிக்கொண்டு போன அறிக்கையைப் பார்த்த சேர் ஒரு கேள்விதான் கேட்டார். "அரைக்காத கலவையை அமிலத்தில போட்டுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அன்று பின்னேரமே போட்டேன். மெட்டாபோரேற்றையும் மக்னீசியத்தையும் கரண்டியால் கலந்து, அரைக் கிராம், அதே அமிலம், அதே சாடி. 243 மில்லிலீற்றர்.

எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு தாளை எடுத்து எழுதிப் பார்த்தபோது கணக்கு முகத்தில் அறைந்தது. நாலு மூல் மக்னீசியம் அமிலத்தில் நாலு மூல் ஐதரசன் தரும். அந்த நாலு மக்னீசியத்தைச் செலவழித்துச் செய்யும் ஒரு மூல் போரோஐதரைட்டும் நாலு மூல் ஐதரசன்தான் தரும். இலத்திரன் கணக்கு ஒன்றுதான், கைமாறி இருக்கிறது, அவ்வளவே. அதாவது வினை முழுதாக நடந்தாலும் துளியும் நடக்காவிட்டாலும் அந்தச் சாடியில் வரப்போவது அதே 250. என் சோதனையால் எதையும் சோதிக்கவே முடியாது. மக்னீசியம் ஐதரைட்டை வைத்துச் செய்பவர்களுக்கும் இதே கண்ணிதான், சோடியம் ஐதரைட்டு என்றாலும் இதேதான். நான் வாசித்த கட்டுரைகளில் இதை யாரும் உடைத்துச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது சொல்லத் தேவையில்லாத அளவுக்கு வெளிச்சமான விசயமாக இருந்திருக்கும்.

சரியான வழி இதைவிடச் செலவு குறைந்தது. அரைத்த தூளை முதலில் ஐதான எரிசோடாக் கரைசலில் போட வேண்டும். போரோஐதரைட்டு அதில் அழியாமல் கரையும். மக்னீசியம் காரத்தில் தன்மேல் ஐதரொட்சைட்டுத் தோலைப் போர்த்திக்கொண்டு சும்மா கிடக்கும். வடிதாளில் வடித்து, வடிந்த தெளிவை மட்டும் அமிலத்தில் விட வேண்டும். இப்போது வரும் குமிழி போரோஐதரைட்டின் குமிழி மட்டும். என் தொண்ணூற்றாறு வீதத் தூளை அப்படி வடித்து அமிலத்தில் விட்டேன். கால் மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குமிழி, அதுவும் காற்றுக் குமிழியாக இருக்க வேண்டும்.

காரணம் இயந்திரம். உருளும் குழாய்க்குள் குண்டு விழுந்தால் தூள் கலக்கும், மெலிதாகும். ஆனால் மக்னீசியத்தின் ஒட்சைட்டுத் தோலை உடைத்து, புதிய உலோகத்தைப் போரேற்றுக்குள் திணிக்கிற அடி அதில் இல்லை. அதற்குச் சாடி ஒரு பக்கம் சுழல, சாடி நிற்கும் தட்டு மறுபக்கம் சுழலும் கோள்வகை அரைப்பான் வேண்டும். மாதக்கணக்கில் தேடிய பிறகு, பக்கத்துப் பீடம் ஒன்றில் ஆய்வுக்கான மண் மாதிரிகளை அரைக்கவென்று வாங்கி, பெட்டி பிரிக்காமலே கிடந்த ஒன்று கிடைத்தது. பெட்டிக்குள் கரப்பான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அதற்கும் போரிக் பவுடர்தான் போட்டோம்.

இரண்டாவது பாடம் இதைவிடச் சூடானது. புது அரைப்பானில் இரண்டு கிராம் கலவையை அரை மணித்தியாலம் அரைப்பு, கால் மணித்தியாலம் ஓய்வு என்று விட்டுவிட்டு அரைத்தோம். முடிந்ததும் எனக்குப் பொறுமை இல்லை. சாடி கையில் சுட்டது. பொலித்தீன் பைக்குள் வைத்தேன், ஆனால் ஆர்கன் முடிந்துபோயிருந்தது, "ஒரு நிமிசம்தானே" என்று நினைத்தேன். மூடியைத் தளர்த்தியதும் புஸ் என்ற சத்தம், தூள் மேலே எழுந்து வெள்ளை வெளிச்சமாகப் பற்றியது. பை உருகி ஓட்டையானது. வெல்டிங் காரர்கள் போடும் தோல் கையுறையும் முகக் கண்ணாடியும் போட்டிருந்ததால் எனக்கு இமை முடி மட்டும் கருகியது. ஆய்வுகூட அண்ணன் மணல் வாளியைத் தூக்கியவர், உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். யன்னலோரம் இருந்த வாளி, ஒரு மாதத்து மழைச்சாரல், மணல் ஈரம். எரியும் மக்னீசியத்தில் ஈர மணலைக் கொட்டினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என் நல்லகாலம். இருந்தது ஒரு சிட்டிகைத் தூள், தானே எரிந்து அடங்கியது.

காபனீரொட்சைட்டு அணைப்பானும் இதற்கு உதவாது. மக்னீசியம் அதிலிருக்கும் ஒட்சிசனையும் பிடுங்கி எரியும். இப்போது அந்த மேசையில் பால்மா டின் ஒன்றில் வறுத்து ஆறவைத்த சாப்பாட்டு உப்பு இருக்கிறது, மூடி இறுக்கி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு. மாதத்துக்கு ஒருமுறை திறந்து, உப்புக் கட்டிபட்டிருக்கிறதா என்று பார்ப்பது அண்ணனின் வேலை. சாடி ஓர் இரவு ஆறாமல் திறப்பதில்லை, ஆர்கன் இல்லாத நாளில் திறப்பதே இல்லை.

ஆனால் அந்த அழுத்தம் எங்கிருந்து வந்தது? சமன்பாட்டின்படி வாயு மிஞ்சக் கூடாதே. இதையும் சேர்தான் பிடித்தார். "பளிங்கை எத்தினை பாகையில எடுத்தீங்க?" நான் வெளியில் வைத்து ஆறவிட்டு எடுத்தேன், 30 பாகை. மெட்டாபோரேற்று ஏறத்தாழ 54 பாகைக்குக் கீழே பளிங்கானால் நாலு நீர் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும், அதற்கு மேலே என்றால்தான் இரண்டு. போத்தலில் நான் எழுதி ஒட்டியிருந்தது இருநீரேற்று, உள்ளே இருந்தது நானீரேற்று. மிகுதித் தண்ணீர் மக்னீசியத்தைத் தின்று ஐதரசனாகிச் சாடியை நிரப்பியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. பளிங்கில் கொஞ்சத்தை உலையில் 350 பாகைக்குமேல் வாட்டி, எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்தோம். இருநீரேற்று என்றால் நூற்றுக்கு 35 பங்கு குறைய வேண்டும், நானீரேற்று என்றால் 52. எங்களது பாதிக்குமேல் போய்விட்டது. கடையில் வாங்கிய போத்தலாக இருந்தாலும் லேபிளை நம்பாமல் இந்த ஒரு எடையைப் பாருங்கள், மழைக்காலத்தில் கட்டாயம் பாருங்கள்.

அதன்பிறகு 65 பாகையில் பளிங்காக்கி, சூட்டோடே வடித்து எடுத்தோம். மொத்தம் பதினெட்டு மணித்தியாலம் அரைத்து, ஆறவிட்டு, ஆர்கனில் திறந்து, எரிசோடாவில் கரைத்து, வடித்து, அமிலத்தில் விட்டபோது 95 மில்லிலீற்றர் வந்தது. 250க்கு 95, அதாவது 38 வீதம். கெட்டிக்காரர்கள் செய்யும்போது இதைவிட நன்றாக வரும். ஐ.ஆர். (அகச்சிவப்புக் கதிரை விட்டுப் பிணைப்புகளை இனங்காணும் சோதனை) எடுக்க வெளியே அனுப்பிய மாதிரியில் 2200க்கும் 2400 செ.மீ⁻¹க்கும் இடையில், போரனும் ஐதரசனும் பிணைந்திருந்தால்தான் வரும் கோடுகள் இருந்தன. இந்த முறை பிளேன்ரீ வாங்கிக் கொடுக்கவில்லை. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் கொஞ்ச நேரம் இருந்தேன்.

திண்மமாகப் பிரித்தெடுக்கும் ஆசையும் இருந்தது. அதற்குப் பொருத்தமான கரைப்பான் ஐசோபுரொப்பைலமீன் என்று வாசித்து ஒரு போத்தல் எடுப்பித்தோம். அதன் கொதிநிலை 33 பாகை. சித்திரை மாத மட்டக்களப்பில், பகல் ஒரு மணிக்கு, கரண்ட் இல்லாத அறையில் அதைத் திறந்தேன். போத்தல் என் கையிலேயே கொதித்தது, கருவாட்டுக் கடையும் அமோனியாவும் கலந்த வாசம் மாடிப்படி வரைக்கும் போனது. அந்தப் பரிசோதனை அத்தோடு முடிந்தது. குளிர்நாட்டுக்காரர் எழுதிய செய்முறையில் "அறை வெப்பநிலை" என்று கண்டால் எந்த அறை என்று கேட்டுக்கொள்வது என் பழக்கமாகிவிட்டது. கரைசலைச் சேமிப்பதிலும் இதே சங்கதிதான். காரத்தன்மை பீ.எச். 14 இல் நிற்கும் கரைசல் 25 பாகையில் பாதியாக அழிய ஏறத்தாழ பதினான்கு மாதம் எடுக்கும். 35 பாகையில் அது ஆறரை மாதம். மூடியை இறுக்கி அலுமாரிக்குள் வைத்தால் அழிகிற பாதி ஐதரசனாகப் போத்தலுக்குள் அடைந்து நிற்கும். காற்றுப்போக்கு விட்ட மூடி, குளிர்ந்த இடம், நெருப்புக்குத் தூரம்.

ஆய்வு முடிந்த கையோடு மாமாவைப் பார்க்கப் போனேன். மண்ணெண்ணெய் வரத் தொடங்கியிருந்தது, ஆனால் விலை ஏறிவிட்டது. திண்ணையில் வலையைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"என்ன புள்ள, உன்ட தூளில என்ட எஞ்சின் ஓடுமா?"

ஒரு கிலோ தூளிலிருந்து 213 கிராம் ஐதரசன், அதை மின்சாரமாக்கும் எரிபொருட் கலத்தில் விட்டு மோட்டரை ஓட்டினால், பழைய எஞ்சினில் ஒன்றரை இரண்டு லீற்றர் மண்ணெண்ணெய் செய்கிற வேலையைச் செய்யும் என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது. அந்தத் தூளை எதிலிருந்து செய்வது என்று கேட்டார். மக்னீசியத்தில் என்றேன், ஒரு கிலோ ஐதரசனுக்குப் பன்னிரண்டு கிலோ மக்னீசியம்.

"மறுகா ஏன் இந்த வில்லங்கம்? அந்த மக்னீசியத்தையே நேரா போட்டு கேஸ எடுத்தா ஒண்ணாதா?"

எனக்கு மூன்று கிழமையும் ஓர் அவமானமும் செலவான விசயத்தை அவர் வலை தட்டுகிற நேரத்தில் பிடித்துவிட்டார். ஒண்ணும், மாமா, அதே அளவுதான் வரும் என்றேன். தூளாக்குவதால் ஐதரசன் ஒரு சொட்டும் கூடாது. கரைசலாக ஊற்றி வைக்கலாம், தேவைப்படும்போது ஊக்கியைக் காட்டி எடுத்து, வேண்டாதபோது நிறுத்தலாம், மக்னீசியத்தில் அப்படி முடியாது. அந்த வசதிக்குத்தான் விலை. அந்த விலை சின்னதில்லை. மிஞ்சுகிற மக்னீசியம் ஒட்சைட்டைத் திரும்ப மக்னீசியமாக்க, பன்னிரண்டு கிலோவுக்கு, இழப்பே இல்லாத உலையில்கூட 300 மெகாயூலுக்குக் கிட்டத் தேவை. அதிலிருந்து கிடைக்கும் ஒரு கிலோ ஐதரசனில் இருப்பது 120 மெகாயூல். சோடியத்தில் செய்யும் பழைய முறையிலும் கணக்கு சந்தோசப்படும்படி இல்லை. நாலு சோடியத்தில் மூன்று வேறு சேர்வையாகப் போய்விடுகிறது. 2007 நவம்பரில் அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் வாகனங்களுக்கு இந்த வழி வேண்டாம் என்று பரிந்துரைத்ததற்கு இந்தத் திரும்பச் செய்யும் செலவும் ஒரு காரணம்.

"அப்ப என்னத்துக்குப் புள்ள படிச்ச?" என்று அவர் கேட்கவில்லை. மாமி கேட்டார். தூக்கிக்கொண்டு போகிற சிறு கருவிகளுக்கு, மின்கலம் ஏற்ற வழியில்லாத இடத்தில் சில மணித்தியாலம் ஓட வேண்டியவற்றுக்கு, இது இன்னும் பொருந்தும் என்று சொல்லிப் பார்த்தேன். மாமி தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

அரைப்பான் மண் மாதிரிக்கே திரும்பிப் போய்விட்டது. வொஷிங் மெசின் மோட்டரை லேத் பட்டறைக்காரர் கிறைண்டராக்கிவிட்டார். மிஞ்சிய இரண்டு கிலோ வெண்காரத்தைப் பத்தரிடம் கொண்டுபோனேன், பாதி விலைக்கு எடுத்தார். எரிசோடாவை எடுக்கத்தான் ஆளில்லை.